கொடுத்தவர் யார், வாங்கியவர் யார்: கை சொல்லும் வேற்றுமை

தமிழ் இலக்கணம் நடத்தியே தலை நரைத்தவன் நான். ஒரு வினைமுற்றைக் கண்டால் பகுதி, விகுதி என்று பிரித்துப் போடாமல் மனம் அடங்காது. ஓய்வுபெற்றபின் இந்திய சைகை மொழி வகுப்பில் சேர்ந்தும் அந்தப் புத்தி போகவில்லை. ஆசிரியர் காது கேளாதவர். வகுப்பில் வாய்ப்பேச்சுக்கே இடமில்லை.

என்னை முதலில் மடக்கிப்போட்டது 'கொடு'. தமிழில் 'கொடுத்தான்' என்றால் விகுதி கொடுத்தவனை மட்டுமே காட்டும். வாங்கியவரைக் காட்ட 'கு' உருபோடு இன்னொரு சொல் வேண்டும். சைகையிலோ கை கிளம்பும் இடம் கொடுப்பவர், போய்ச் சேரும் இடம் பெறுபவர். என் நெஞ்சருகிலிருந்து உங்களை நோக்கி நகர்ந்தால் நான் உங்களுக்குத் தருகிறேன். உங்கள் பக்கமிருந்து என்னிடம் வந்தால் நீங்கள் எனக்குத் தருகிறீர்கள். எழுவாயும் நான்காம் வேற்றுமையும் ஒரே வீச்சில் முடிந்துவிடுகின்றன. தருதலும் வருதலும் தன்மை முன்னிலைக்கு, கொடுத்தலும் செல்லுதலும் படர்க்கைக்கு என்று தொல்காப்பியர் பிரித்தார் அல்லவா? அவர் இரண்டு சொல்லை வைத்துக் காட்டிய திசையை இங்கே கையின் பாதையே காட்டிவிடுகிறது.

சரி, எதிரில் இல்லாத ஆளை என்ன செய்வது? அதுதான் இன்னும் அழகு. அண்ணனை வலப்பக்கம் ஓர் இடத்தில் 'வைத்துவிட்டு', மேலதிகாரியை இடப்பக்கம் வைக்கலாம். அதன்பின் அந்தந்த வெற்றிடத்தைச் சுட்டினாலே போதும். 'அவர் அவரிடம் சொன்னதை அவர் மறந்துவிட்டார்' என்று தமிழில் எழுதினால் மாணவன் என்னை முறைப்பான். சைகையில் குழப்பமே இல்லை. மூன்று 'அவரு'க்கும் முகவரி உண்டு.

இதையெல்லாம் வெறும் அபிநயம் என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கைவடிவம், இடம், அசைவு என்று சைகையைக் கூறுகளாகப் பிரித்து, அமெரிக்க சைகை மொழிக்கும் அமைப்பு உண்டு என்று மொழியியலாளர் வில்லியம் ஸ்டோக்கீ எழுதியது 1960-இல். அதற்குமேல் அந்த வாதத்தில் எனக்குப் பொறுமை இல்லை.

வினாவுக்கு வருவோம். ஆம், இல்லை என்று பதில் வரவேண்டிய கேள்விக்கு நாம் 'ஆ' சேர்ப்போம்; அங்கே புருவம் உயரும். கையில் சொற்கள் ஓடிக்கொண்டிருக்க, அதே நேரத்தில் முகத்தில் இலக்கணம் ஓடுகிறது. வாயால் பேசும் நமக்கு ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும். இந்திய சைகை மொழியில் 'யார்', 'எங்கே' வகைக் கேள்விகளுக்குப் பொதுவாக ஒரு வினாச்சைகை இருக்கிறது. அது வாக்கியத்தின் கடைசியில் வரும். முகத்தைக் காட்டி வினாச்சைகை போட்டால் 'யார்'. இடத்தைக் காட்டிப் போட்டால் 'எங்கே'. மிச்சப்படுத்தத் தெரிந்த மொழி!

எல்லா வினையும் 'கொடு' போல வளைந்து கொடுப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்க சைகை மொழியில் 'விரும்பு' நெஞ்சை ஒட்டியே நிகழும். யார் யாரை விரும்பினாலும் அதன் பாதை மாறாது. அதே மொழியில் விருந்தினரை 'அழை' என்பது தலைகீழ்: கை அழைக்கப்படுபவரிடம் தொடங்கி அழைப்பவரிடம் வந்து முடியும். செயப்படுபொருளில் புறப்பட்டு எழுவாயில் இறங்கும் வினை! என் குறிப்பேட்டில் இதற்கு 'எதிர்நோக்கு வினை' என்று பெயர் வைத்திருக்கிறேன். நன்னூலாராக இருந்தால் ஒன்றரை அடியில் சூத்திரமே செய்திருப்பார்.