கூரையைக் கேட்டு வந்த மாமி

ஜூன் 6
மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடியில் அக்கா வீட்டுக்குத் தூரத்து உறவில் ஒரு மாமி வந்திருந்தார். கலியாணப் பேச்சே எடுக்கவில்லை. தேத்தண்ணியைக் குடித்தபடி, வளவில் பாதியில் நிற்கும் புது வீட்டைப் பார்த்தார். "கூரை எப்ப போடுறயள், புள்ள?"

"மாரிக்கு முன்னம் போட்டிருவம் மாமி. பூச்சு வேலைதான் இழுக்கும்" என்றார் அக்கா.

எங்கள் பக்கம் மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கட்டிக்கொடுப்பது; மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். கூரையைக் கேட்டால் மகளைக் கேட்டதாகத்தான் கணக்கு.

ஜூன் 7
வாசல் வரை போன மாமி, "கோயில் திருவிழா உங்களுக்கு எந்தக் குடியோட?" என்று கேட்டதும் சும்மா இல்லை. குடி என்பது தாய்வழியில் வரும் வம்சப் பிரிவு. ஒரே குடிக்குள் கட்டமாட்டார்கள். தடை ஏதும் இருந்தால் அந்த இடத்திலேயே பேச்சு வேறு பக்கம் திரும்பியிருக்கும். பெண் கேட்டதாகவும் இல்லை, மறுத்ததாகவும் இல்லை. அடுத்த திருவிழாவில் இரண்டு குடும்பமும் முகம் பார்த்துக் கதைக்கலாம். இந்தப் பண்பை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஜூன் 9
அடுத்த வளவில் மாமியார் கோழியை ஏசினார். "தின்னுறது இங்க, முட்டை இடுறது வேற வீட்டில!" மீன் வெட்டிக்கொண்டிருந்த மருமகளின் கை அப்படியே நின்றது. தாய் வீட்டுக்கு ஏதோ கொடுத்தனுப்பியிருப்பாள் போல. அவள் வாய் திறந்தால், "நான் கோழியைத்தானே ஏசினேன்" என்பார்கள். இந்தச் சாடைப் பேச்சு எனக்கு அறவே பிடிக்காது. மாமி அக்காவுக்கு விட்ட வழி இந்தப் பெண்ணுக்கு இல்லை.

ஜூன் 12
திருக்குறளில் குறிப்பறிதல் என்ற பெயரிலேயே இரண்டு அதிகாரம். 71ஆவது பொருட்பாலில், 110ஆவது காமத்துப்பாலில். முதலாவதில் அரசன் வாய் திறக்குமுன் அவன் மனதை அறியவேண்டும். மற்றதில் அவளுடைய ஒரு பார்வை நோய் தருகிறது, இன்னொன்று அதற்கு மருந்தாகிறது. இரண்டிலும் வேலை முழுக்கப் பார்க்கிறவருக்குத்தான். சொல்லாததைப் பிடிக்க அந்த ஆளில் அக்கறை வேண்டும்.

ஜூன் 20
மாமி வரவில்லை, அவர் அனுப்பிய ஆள் வந்தது. "தம்பி கட்டாரில இன்னும் ரெண்டு வருஷம் நிக்கப்போறானாம்." மாப்பிள்ளைப் பக்கம் பின்வாங்குகிறது என்று அக்காவுக்கு விளங்கிவிட்டது. "நல்லம், உழைக்கட்டும்" என்று சொல்லி, ஒரு பை மாம்பழமும் கொடுத்தனுப்பினார்.

இத்தனைக்கும் மகளிடம் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. பெரியவர்களுக்குள் சாடை சரி. வாழப்போகிறவளிடம் அது சரிவராது. நேரே கேட்டேன்.

"எனக்குப் படிப்பு முடியணும் சின்னம்மா. அம்மாக்கிட்ட நீங்களே சொல்லுங்க."

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு சொன்னேன், சுற்றி வளைக்காமல்.