ஹைட்ரஜனைக் காவல் காக்கும் நான்கு கம்பிகள்

அனல்மின் நிலையங்களின் பெரிய ஜெனரேட்டர்களைக் குளிர்விக்கும் ஹைட்ரஜனில் காற்று புகுந்து, ஹைட்ரஜனின் அளவு ஏறக்குறைய 75 சதவீதத்துக்கும் கீழே இறங்கினால் வெடிக்கக்கூடிய கலவையாகிவிடும் என்பதால், அதன் தூய்மையை இரவும் பகலும் வெப்பக்கடத்தல் பகுப்பாய்வி கண்காணிக்கிறது.

ஹைட்ரஜன் காற்றைவிடச் சுமார் 7 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். மின்னோட்டத்தால் சூடேறிய மெல்லிய பிளாட்டினம் கம்பியை அது சூழ்ந்திருக்கையில் கம்பி குளிர்ந்து மின்தடை குறைகிறது. காற்று கலக்கக் கலக்கக் கம்பியின் வெப்பநிலை, மின்தடை இரண்டும் ஏறுகின்றன. இத்தகைய நான்கு கம்பிகளை, மின்தடைகளின் சிறு வேறுபாட்டையும் மின்னழுத்தமாகக் காட்டும் வீட்ஸ்டோன் பாலம் என்ற சுற்றாக இணைத்து, இரண்டை மாதிரி வாயுவிலும் இரண்டை மூடிய அறையிலுள்ள ஒப்பீட்டு வாயுவிலும் வைப்பதால், சுற்றுப்புற வெப்பநிலை மாற்றம் நான்கையும் ஒருசேரப் பாதித்துப் பெருமளவு தானே கழிந்துபோகிறது.

பலரும் பாலத்தின் சிறு மின்னழுத்தத்தைப் பெரிதாக்கும் பெருக்கியைத்தான் வியந்து பேசுவார்கள். என் பார்வையில் உண்மையான நுட்பம் கம்பிகளுக்கு மின்னோட்டம் தரும் மின்வழங்கியில் இருக்கிறது. கம்பியில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இருபடிக்கேற்ப மாறுவதால், மின்னோட்டம் சற்றே பிசகினாலும் வாயுவே மாறிவிட்டதைப் போன்ற பொய்யான அளவீடு தோன்றும். பாலத்திலிருந்து வரும் சில மில்லிவோல்ட்டுகள் பெருக்கப்பட்டு, எண்ணாக மாற்றப்பட்டு, வாயுவின் அளவுக்கு நேர்விகிதமாக அமையும்படி வளைவு திருத்தப்பட்டு, 4 முதல் 20 மில்லிஆம்பியர் வரையிலான மின்னோட்டமாகக் கட்டுப்பாட்டு அறையை அடைகின்றன. தொடக்கம் பூஜ்ஜியமாக இல்லாமல் 4 ஆக இருப்பதால், வழியில் கம்பி அறுந்தால் மின்னோட்டம் பூஜ்ஜியமாகி உடனே தெரிந்துவிடும்.