அப்பத்தா கன்னத்துக்கு ஒன்பது முட்டை

அப்பத்தா படத்தில் இடது கன்னம் வந்துவிட்டது. வலது கன்னம் நிழலில் இருப்பதால் தப்பித்தேன். கைகள் இரண்டும் அடிப்பூச்சுப் பச்சையிலேயே கிடக்கின்றன, வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் கிழவிக்கு என்ன ஆச்சு என்று கேட்கிறார்கள். இருந்தாலும் மூன்று மாதமாக எக் டெம்பராவோடு, அதாவது முட்டையின் மஞ்சள் கருவில் நிறப்பொடியைக் குழைத்துப் படம் போடுகிற முறையோடு, மல்லுக்கட்டியதில் முதல் தடவையாக ஒரு இடம் தோல் மாதிரித் தெரிகிறது.

இதே படத்தை 2014இல் வாட்டர்கலரில் போட்டிருந்தேன். அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து மொச்சை உரிக்கிறார். எங்கே நிறுத்துவது என்று அப்போது எனக்குத் தெரியாது. கன்னத்து நிழல் சரியில்லை என்று ஈரத் தூரிகையால் தேய்த்துத் தேய்த்து, தாள் பஞ்சாகத் திரண்டு, கடைசியில் சேற்று நிறம்தான் மிச்சம். பரணில் போட்டுவிட்டேன். போன பொங்கலுக்கு வீட்டை ஒழிக்கும்போது எடுத்துப் பார்த்தால் விரல்களும் மொச்சைத் தோலும் நன்றாகவே இருந்தன, கெட்டது முகம் மட்டும்தான். தேய்க்கவே விடாத ஒரு மீடியத்தில் இதைத் திரும்பப் போட்டால் என்ன என்று தோன்றியது. டெம்பரா அப்படித்தான். வைத்த கோடு சில நொடியில் காய்ந்துவிடும், குழைக்கவே முடியாது, பக்கத்தில் இன்னொரு கோடு, அதன் குறுக்கே இன்னொன்று என்று இழைத்துக்கொண்டே போக வேண்டும்.

படுத்தி எடுத்தது மஞ்சள் கருதான். வெள்ளையைப் பிரித்து, கருவை உள்ளங்கையில் மாற்றி மாற்றி உருட்டி, ஈரம் போகத் துணியில் துடைத்து, மேல் சவ்வை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி, அடியில் ஊசியால் ஒரு குத்து. கரு கிண்ணத்தில் இறங்கும், சவ்வு விரலில் நிற்கும். சொல்ல எளிது! முதல் நான்கு முட்டை சவ்வோடு சேர்ந்தே விழுந்து ஆம்லெட்டாகப் போயின. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு உருட்டினால் சவ்வு கொஞ்சம் கெட்டியாக நிற்கிறது என்பது என் அனுபவம். பழைய முட்டை என்றால் தொட்டதுமே உடைகிறது. மதுரை வெயிலில் கலந்த கரு மதியம் வரைகூடத் தாங்குவதில்லை, தினமும் புதிதாகத்தான் உடைக்க வேண்டும்.

1400 வாக்கில் இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி, இளம் முகங்களுக்கு நகரத்துக் கோழியின் வெளிறிய கரு, வயதான கறுத்த முகங்களுக்கு நாட்டுப்புறத்துக் கோழியின் சிவந்த கரு என்று எழுதி வைத்திருக்கிறார். அந்த மஞ்சள் நாளாவட்டத்தில் வெளுத்துவிடும் என்கிறார்கள், ஆனாலும் அப்பத்தாவுக்கு பிராய்லர் முட்டையா என்று மனசு கேட்கவில்லை. நாட்டுக்கோழி முட்டைதான் வாங்கினேன்.

அடுத்தது அளவு. தண்ணீரில் குழைத்த நிறப்பொடிக்குச் சம அளவு கரு என்று ஆரம்பித்தேன், ஆனால் ஒவ்வொரு பொடியும் ஒவ்வொரு மாதிரிக் குடிக்கிறது. கண்ணாடியில் ஒரு தீற்றல் போட்டு, காய்ந்ததும் பிளேடால் சுரண்டிப் பார்க்க வேண்டும். தோலாக உரிந்தால் சரி, பொடியாக உதிர்ந்தால் கரு போதவில்லை. காவிக்கு ஐந்து தடவை சுரண்டினேன். அப்புறம் தூரிகை. தொட்டு, பிழிந்து, துணியில் ஒற்றி, பாதி காய்ந்த மாதிரி இருக்கும்போதுதான் கோடு போட வேண்டும். கொஞ்சம் ஈரம் கூடினாலும் கீழே இருக்கிற கோட்டையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வருகிறது. மூக்குக்குப் பக்கத்தில் அப்படி ஒரு பள்ளம் விழுந்து அதை அடைக்க இரண்டு நாள் ஆனது.

காவிக்கல் கீழமாசி வீதிப் பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடையில் வாங்கினேன். கல்வத்தில் இடித்து, தண்ணீரில் கலக்கி, அடியில் தங்குகிற மணலை விட்டுவிட்டு மேல் கலங்கலை மட்டும் இறுத்துக் காய வைத்தால் மாவு மாதிரிப் பொடி கிடைக்கிறது. சாதிலிங்கமும் அரிதாரமும்கூட இருக்கிறது என்று கடைக்காரர் எடுத்து வைத்தார். நிறத்தைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருந்தது. ஒன்று பாதரசம், இன்னொன்று ஆர்சனிக், அதை அம்மா சமைக்கிற வீட்டில் அரைக்க எனக்குத் தைரியம் இல்லை.

படம் போடுகிற பலகையைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. பலகைக்கு அடியில் பூச கடையில் விற்கிற அக்ரிலிக் ஜெஸ்ஸோ என்கிற வெள்ளைப் பூச்சு ஈரத்தை உறிஞ்சாது, அதனால் தச்சர்கள் போடுகிற வஜ்ரப் பசையை இரவு ஊறவைத்து சாக் பவுடர் கலந்து நானே பூசினேன். முதல் பலகையில் வஜ்ரம் கொதித்துவிட்டது, கூடவே அளவும் கூடிப்போய் ஏரி வறண்ட மாதிரி வெடித்தது. இரண்டாவது பலகை பரவாயில்லை, ஆனால் கன்னம் முடித்த அன்று ராத்திரி எறும்பு ஏறிவிட்டது. இப்போது பலகையை நான்கு கிண்ணத் தண்ணீருக்கு நடுவே ஸ்டூல் போட்டு வைத்திருக்கிறேன், பழைய உறியடிப் பானை மாதிரி அம்மா அதைச் சுற்றி நடக்கிறார்.

இதற்குள் கேசின் என்கிற பால் பசையில் நிறம் குழைத்துப் போடுவதன் மேல் கண் போய்விட்டது. பாலைத் திரித்து, வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்போடு குழைத்தால் பசை ஆகுமாம். சுண்ணாம்பு பட்டால் பிரஷ்யன் நீலம் கெட்டுவிடும், அதனால் அல்ட்ராமரைன் மட்டும் தனியாக வாங்கி வைத்தாயிற்று.

கையை முடித்துவிட்டுத்தான் அதைத் தொட வேண்டும். சிக்கல் என்னவென்றால் 2014 படத்தில் அந்தக் கைகள் ரொம்பவே நன்றாக இருக்கின்றன. பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து, நேற்று கட்டை விரலில் நான்கு கோடு போட்டேன். இன்று காலையில் இரண்டைச் சுரண்டி எடுத்துவிட்டேன்.