அளவு நோட்டின் கடைசிப் பக்கங்கள்

ஜூன் 18, புதன்

கல்லூரி திறந்து மூன்றாவது நாள். இன்று காலைதான் களத்தில் கூடைப்பந்துச் சத்தம் கேட்டது. தண்டையார்பேட்டையில் என் தையல் கடைக்கு நேர் எதிரே கல்லூரி மதில். மதிலில் ஒரு பத்தடிக்கு மட்டும் கம்பி வேலி. அந்தப் பத்தடியும் டீக்கடை பெஞ்சும்தான் எங்கள் கேலரி. போன வருஷம் இந்த நோட்டுப் பக்கங்களைப் படித்தவர்களுக்கு பெஞ்சுக்காரர்களைத் தெரிந்திருக்கும்: ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஓய்வு பெற்ற மாமா, டீக்கடைக்காரர், அப்புறம் நான். நானும் இதே களத்தில் பாயிண்ட் கார்டாக, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவளாக, ஆடியவள்தான். இப்போது ஜாக்கெட் தைக்கிறேன்.

பெண்கள் அணியில் பழைய ஆட்கள் ஆறு பேர் இருக்கிறார்கள். 7-ம் நம்பர் கடைசி வருஷம். மீஞ்சூரிலிருந்து ரயிலில் வருகிறவள். பந்தை அவள் கையில் கொடுத்துவிட்டால் நான் நிம்மதியாக டீ குடிப்பேன். கவலை என்னவென்றால், அவள் மூச்சு வாங்க உட்கார்ந்தால் பந்தைக் கொண்டுபோக வேறு ஆளே இல்லை. 8 நொடிக்குள் பாதிக் களத்தைத் தாண்டியாக வேண்டும். போன வருஷம் அவள் வெளியே இருந்தபோதெல்லாம் அதற்கே திணறினார்கள்.

பெஞ்சில் பேச்சு இதைப் பற்றி இல்லை. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஆறடி இரண்டு அங்குலத்தில் ஒரு பெண் சேர்ந்திருக்கிறாளாம். "இந்த வருசம் ஏ ஸோன் நம்மளுதுதான் யக்கா" என்கிறார் டீக்கடைக்காரர். வராத பெண்ணை வைத்து வராத கோப்பைக்கு இப்போதே இடம் பார்க்கிறார், பாய்லருக்கு மேல்.

ஜூன் 24, செவ்வாய்

போன வருஷம் சென்னைப் பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கான ஏ மண்டலப் போட்டியில் (டீக்கடைக்காரர் சொன்ன ஏ ஸோன் இதுதான்) காலிறுதியில் மூன்று புள்ளியில் தோற்றோம். அன்றைக்கு நான் அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு எண்ணியது இன்னும் அப்படியே இருக்கிறது. 19 ஃப்ரீ த்ரோ கிடைத்தது, உள்ளே போனது 8. நடுவர், வெயில், மேலே விழுந்த காக்கா எச்சம் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். யாரும் எதிரில் இல்லாமல், யாரும் கை நீட்டாமல், 4.6 மீட்டரிலிருந்து நிதானமாகப் போட வேண்டிய 11 பந்து வெளியே போனது. இதைச் சொன்னால் மாமா, "அதெல்லாம் சின்ன விசயம்மா, ஹைட்டு வரட்டும்" என்கிறார்.

ஜூலை 3, வியாழன்

வந்துவிட்டாள். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். விடுதியில் தங்கியிருக்கிறாள். கையை மேலே நீட்டிக்கொண்டு ரிங்குக்குக் கீழே நின்றபோது வேலிக்கு வெளியே டீக்கடைக்கு வந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றார்கள். ஐந்தே நிமிஷத்தில் பெயரும் வைத்தாகிவிட்டது: ஹார்பர் கிரேன். டீ குடித்துக்கொண்டிருந்த லாரி டிரைவர் வைத்தது. எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் பொருத்தமான பெயர். கிரேன் போலவே நிதானமாகத் திரும்புகிறாள், எடுத்ததைக் கீழே விடுவதில்லை. ரீபவுண்ட், அதாவது கூடையில் விழாமல் திரும்பி வரும் பந்து, எல்லாம் அவளுக்குத்தான்.

கோச் முதல் வருஷப் பிள்ளைகளை உட்கார வைத்து, 1891-ல் நைஸ்மித் என்கிற ஆசிரியர் பீச் பழக்கூடையை ஜிம் பால்கனியில் மாட்டிய கதையைச் சொன்னார். வருஷா வருஷம் சொல்வார். அப்புறம் ஹாரி பக் 1920-ல் தொடங்கிய, இப்போது நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரிக்கு வருவார். தான் படித்த இடமாயிற்றே. கிரேன் வாயில் கொசு போவது தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். 7-ம் நம்பர் ஷூ லேஸை நான்கு முறை அவிழ்த்துக் கட்டினாள்.

ஜூலை 9, புதன்

நேற்று ராத்திரி மழை. சிமெண்ட் தரை, மூலையில் தண்ணீர். பிள்ளைகளே துடைப்பம் எடுத்துத் தள்ளினார்கள். விளக்குக் கம்பம் ஒன்று ஜனவரியிலிருந்து எரிவதில்லை. கேட்டால் "எழுதிப் போட்டிருக்கிறோம்" என்கிறார்களாம். நான் படித்த காலத்திலும் எழுதித்தான் போட்டிருந்தார்கள்.

ஜூலை 12, சனி

மாமாவின் பேரன் வந்திருந்தான். அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களைப் போனில் பார்க்கிறவன். அங்கே மார்ச் மாதப் போட்டியில் 68 அணிகள் ஆடுமாம். 2024-ல் பெண்கள் இறுதி ஆட்டத்தை ஆண்கள் இறுதி ஆட்டத்தைவிட அதிகம் பேர் டி.வி.யில் பார்த்தார்களாம், ஒரு கோடியே எண்பது லட்சத்துக்கும் மேல். டீக்கடைக்காரர் வேலி ஓரம் நின்றவர்களை விரல் விட்டு எண்ணினார். "நமக்கு ஒன்பது. ஆடு மாடு சேர்த்து பதினொன்னு." சிரித்தோம். ஆனால் அந்தக் கணக்கு சாயங்காலம் வரைக்கும் மனதில் இருந்தது.

நம் ஊரில் எதிர்பார்ப்பு வேறு மாதிரி. ஏ மண்டலத்தில் நன்றாக ஆடினால் பல்கலைக்கழக அணிக்குக் கூப்பிடுவார்கள். அங்கிருந்து தென் மண்டலப் போட்டி. அங்கே ஆடினால் ரயில்வே, வங்கி அணிக்காரர்கள் கண்ணில் படலாம். கோப்பை எங்கள் பெஞ்சுக்கு, வேலை அந்த வீட்டுக்கு. அனிதா பால்துரையின் பெயரை இந்தத் தெருவில் அம்மாக்களுக்குக்கூடத் தெரியும். 19 வயதில் இந்திய அணிக்குத் தலைவி, தெற்கு ரயில்வேயில் வேலை, 2021-ல் பத்மஸ்ரீ. "அந்தப் பொண்ணு மாதிரி" என்றுதான் 7-ம் நம்பரின் அம்மா ஆரம்பிப்பார். அதைக் கேட்டால் அவள் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுவாள்.

ஜூலை 19, சனி

தெற்கேயிருந்து வந்த ஒரு கல்லூரியோடு பயிற்சி ஆட்டம். 41-52, தோல்வி.

முதல் கால்பகுதியில் கிரேன் ஐந்து தடவை பந்தை எடுத்து ஐந்தையும் போட்டாள். பெஞ்சில் விசில். அந்தக் கோச் கெட்டிக்காரி, இரண்டாவது கால்பகுதியில் ஆளை மாற்றினாள். குட்டையாக, கனமாக ஒரு பெண். அவளுக்கு ஒரே வேலைதான், கிரேன் பந்தை வாங்கியதும் கையைப் பிடித்துத் தொங்குவது. ஃபவுல். மறுபடி ஃபவுல். ஐந்து ஃபவுல் வாங்கி அவள் வெளியே போனால் அதே மாதிரி இன்னொருத்தி. நம் பெண் கோட்டுக்குப் போய் நின்றுகொண்டே இருந்தாள். 12 ஃப்ரீ த்ரோ, உள்ளே 3.

இதைத்தான் நான் ஒரு மாதமாகச் சொல்கிறேன். உயரமான பெண்ணை நிறுத்துவதற்கு அடிப்பதுதான் ஒரே வழி. ஒரு கால்பகுதியில் நான்கு ஃபவுலுக்கு மேல் போனால் ஒவ்வொன்றுக்கும் நமக்கு இரண்டு வாய்ப்பு கிடைக்கும். வாய்ப்பைப் புள்ளியாக்கத் தெரியாவிட்டால் அந்த உயரம் எதிரணிக்குத்தான் லாபம். அடிக்கலாம், அவள் போடமாட்டாள் என்று தெரிந்துகொள்வார்கள். ஊரெல்லாம் தெரிந்துகொள்ளும்.

மாமா என்னிடம் பேசவில்லை. டீக்கடைக்காரர் கடைசி நிமிஷத்தில் பாய்லரைப் பார்க்கப் போய்விட்டார்.

ஜூலை 27, ஞாயிறு

ஆடி ஞாயிறு. அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். ஸ்பீக்கர் சத்தத்தில் கோச்சின் விசில் யாருக்கும் கேட்கவில்லை, பயிற்சி சீக்கிரம் முடிந்தது. பிள்ளைகள் எல்லோரும் சொம்போடு வரிசையில் நின்று, கருவாட்டுக் குழம்போடு குடித்துவிட்டுக் கடைக்கு வந்தார்கள். ஜெர்சி எம்.சி. ரோட்டில் வாங்கியாகிவிட்டது. கிரேனுக்கு மட்டும் எந்த அளவும் சரியில்லை. நான்தான் தைக்க வேண்டும்.

டேப்பை எடுத்தேன். தோள், மார்பு, நீளம் எல்லாம் எடுத்துவிட்டு, சும்மா இருக்க முடியாமல் சுவரோரம் நிற்க வைத்து உயரத்தையும் அளந்தேன். ஐந்தடி பதினொன்று. மறுபடி அளந்தேன். ஐந்தடி பதினொன்றுதான். அவள் முகத்தைப் பார்த்தேன், அவளும் என்னைப் பார்த்தாள்.

"சொல்லிராதீங்கக்கா. எல்லாரும் ஆறு ரெண்டுன்னு சொல்லுதாங்க, நான் ஒண்ணும் சொல்லல."

எழுத நோட்டைத் திருப்பியபோது கடைசிப் பக்கம் விழுந்தது. கோடுகளைப் பார்த்துவிட்டாள். "இது என்னக்கா எழுதுதீங்க? என்னோடதா?" பொய் சொல்ல வரவில்லை. 12-க்கு 3 என்று தேதியோடு இருந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், "நாளையிலேர்ந்து பயிற்சி முடிஞ்சதும் இருபது போடுதேன். எண்ணுவீங்களா?" என்றாள்.

மாமாவுக்கு ஆறடி இரண்டு அங்குலமாகவே இருக்கட்டும்.

ஜூலை 31, வியாழன்

20-க்கு 6, 9, 7, 10. முழங்காலை மடக்காமல் கையால் மட்டும் போடுகிறாள். வேலிக்கு இந்தப் பக்கமிருந்து "முட்டி, முட்டி" என்று கத்தினேன். கோச் திரும்பிப் பார்த்தார், சிரித்தார், ஒன்றும் சொல்லவில்லை.

பந்தை எடுத்துத் திருப்பிக் கொடுப்பது 7-ம் நம்பர். ரயிலை விட்டுவிட்டு நிற்கிறாள். பாயிண்ட் கார்டு என்றால் அப்படித்தான். (நான் ஒருதலைப்பட்சம் என்று மாமா சொல்வது உண்மைதான்.)

ஆகஸ்ட் 4, திங்கள்

அட்டவணை வந்துவிட்டது. சனிக்கிழமை முதல் ஆட்டம், அழைப்புப் போட்டி. போன வருஷம் எங்களைக் காலிறுதியில் தோற்கடித்த அதே கல்லூரியோடு. டீக்கடைக்காரர் அன்றைக்கு ஒரு வேளை கடையை மூடுவதாக அறிவித்திருக்கிறார். கொரோனாவுக்கு அப்புறம் முதல் தடவை. பாய்லருக்கு மேலே இருந்த பிஸ்கட் டப்பாவை எடுத்துவிட்டார், இடம் வேண்டுமாம்.

என் கணக்கு வேறு. இந்த அணி அரையிறுதி வரை போகும். ஏழு நிமிஷத்துக்கு மேல் 7-ம் நம்பரை உட்கார வைக்காமல் இருந்தால். அதற்கு மேல் கேட்பது பேராசை. பெஞ்சில் இதைச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

நேற்று 20-க்கு 14. இதுவரை இதுதான் அதிகம். இன்று சாயங்காலம் 19 போட்டதில் 13 உள்ளே போயிருந்தது. இருட்டிவிட்டது, அந்தக் கம்பம் இன்னும் எரியவில்லை. இருபதாவது பந்தைப் போட்டாள். போர்டில் பட்ட சத்தம் கேட்டது, அப்புறம் வலையா காற்றா தெரியவில்லை, பந்து தரையில் விழுந்தது.

"உள்ளேக்கா!" என்றாள். 7-ம் நம்பரும் உள்ளேதான் என்றாள். மாமா, "வெளிலம்மா, என் கண்ணுக்கு நல்லாத் தெரிஞ்சுது" என்றார். கண் ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம்தான் ஆகிறது அவருக்கு.

13 என்றுதான் எழுதியிருக்கிறேன். பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு கோடு மட்டும் போட்டு வைத்தேன். ஜெர்சிக்கு இன்னும் காஜா எடுக்கவில்லை, இடுப்பு நாடா கோக்க வேண்டும், நம்பர் ஒட்ட வேண்டும். காலை ஆறு மணிக்கு பஸ்.