முப்பத்திரண்டை எப்போது கழிப்பது?

எங்கள் பக்கத்தில் சூட்டுக்கும் குளிருக்கும் ரெண்டு கணக்கு ஓடுகிறது. நுவரெலியாவில் 16 பாகை என்று வானிலைச் செய்தியில் சொன்னால் அது செல்சியஸ். தேயிலை பெக்டரியில் டிரையரின் முள் 200இல் நின்றால் அது ஃபாரன்ஹீட். "பிள்ளைக்கு நூத்தியொண்ணு காயுது" என்று ஓர் அம்மா பதறுவதும் ஃபாரன்ஹீட்தான். அதே பிள்ளையின் விஞ்ஞானப் புத்தகத்தைத் திறந்தால் எல்லாம் செல்சியஸ். ஹட்டனில் சாதாரண தரப் பிள்ளைகளுக்குப் பின்னேர வகுப்பு எடுக்கிறேன். இந்தப் பாடத்தை நான் ஒருபோதும் அவசரமாக முடிப்பதில்லை.

சூத்திரம் சின்னதுதான். தண்ணீர் உறைவதிலிருந்து கொதிப்பது வரை செல்சியஸில் 100 படி. ஃபாரன்ஹீட்டில் 32இல் தொடங்கி 212 வரை 180 படி. அதனால்தான் செல்சியஸை ஃபாரன்ஹீட்டாக மாற்ற ஒன்பதால் பெருக்கி ஐந்தால் வகுத்து, 32ஐக் கூட்டுகிறோம். திரும்ப மாற்ற 32ஐக் கழித்து, ஐந்தால் பெருக்கி ஒன்பதால் வகுக்கிறோம். செல்சியஸை மனக்கணக்காக மாற்ற வேண்டுமென்றால், இரட்டித்து, அதில் பத்தில் ஒன்றைக் குறைத்து, 32ஐச் சேருங்கள். 16 என்றால் 32, அதில் 3.2 போக 28.8, 32 சேர்ந்தால் 60.8. கிட்டத்தட்ட 61. பதினாறைத் திருப்பிப் போட்டால் அறுபத்தொன்று! 28ம் அப்படியே 82க்குப் பக்கத்தில் வரும். இந்த ரெண்டு சோடியும் மனதில் இருந்தால் விடை சரியா பிழையா என்று உடனே தெரிந்துவிடும்.

பிள்ளைகள் தடுமாறுவது இதில் இல்லை, வித்தியாசத்தில்தான். கொழுந்து வாட்டுகிற இடத்தில் ரெண்டு வெப்பமானி பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். துணியிலுள்ள ஈரம் ஆவியாகும்போது குமிழ் குளிரும்; காற்று எவ்வளவு காய்ந்திருக்கிறதோ அவ்வளவுக்கு ரெண்டும் விலகி நிற்கும். ஜூன் மாத மழையில் ரெண்டும் ஒட்டிக்கொள்ளும். அப்போது சூடான காற்றைக் கலக்காமல் கொழுந்து வாடாது.

ஃபாரன்ஹீட்டில் ஒன்று 70, மற்றது 61 என்று வைப்போம். வித்தியாசம் 9. இதைச் செல்சியஸுக்கு மாற்றச் சொன்னேன். பெக்டரியில் வேலை செய்யும் ஒருவரின் மகள், படித்த சூத்திரத்தை அப்படியே போட்டு, மைனஸ் 12.8 என்று எழுதிவிட்டுப் பேனையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விடை சரியில்லை என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. "ரெண்டையும் தனித்தனியா மாத்திப் பாரு புள்ள" என்றேன். 21.1, 16.1. வித்தியாசம் 5. "அப்ப முப்பத்திரெண்டு எங்க சேர் போச்சு?" என்றாள். ரெண்டு பக்கமும் இருந்ததால் கழிபட்டுப் போனது. அளவுகோலின் சுழி எங்கே இருக்கிறது என்பதற்காகத்தான் அந்த 32. இடைவெளியை மாற்றும்போது அதற்கு வேலையே இல்லை. ஐந்தால் பெருக்கி ஒன்பதால் வகுத்தால் போதும்.

காய்ச்சலிலும் இந்த ரெண்டு கணக்கின் குழப்பம் உண்டு. உடம்புச் சூடு 98.6 என்று எல்லோரும் மனப்பாடமாகச் சொல்கிறோம். அந்தப் புள்ளி ஆறைப் பார்த்தால் ஏதோ மிகத் துல்லியமாக அளந்தது போலிருக்கும். 1868இல் வுண்டர்லிஷ் என்ற ஜெர்மன் மருத்துவர் எழுதிய சராசரி 37 செல்சியஸ். அதை மாற்றியதால் வந்த தசமம்தான் அது. கொஞ்சம் ஏறி இறங்குவது இயல்பு.

பயப்பட வேண்டியது வேறு இடத்தில். இப்போது வருகிற டிஜிட்டல் வெப்பமானிகள் பல செல்சியஸில் காட்டுகின்றன. நூற்றுக்கு மேலே போனால்தான் காய்ச்சல் என்று பழகிய அப்பாயிக்கு 39 என்ற எண் ஒன்றுமே சொல்லாது. ஆனால் அது 102.2. நாற்பது என்றால் 104. செல்சியஸில் ஒரு படி ஏறினால் ஃபாரன்ஹீட்டில் ஒன்றே முக்கால் படிக்கும் கொஞ்சம் கூட. "ஒரு பாகை குறைஞ்சிருக்கு" என்று போனில் சொன்னால், எந்தப் பாகை என்று கேட்காமல் அதற்கு அர்த்தமில்லை.

அதனால் என் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். வீட்டிலுள்ள வெப்பமானியில் C, F இரண்டில் எந்த எழுத்து தெரிகிறது என்று பார்த்து, 37, 38, 39, 40க்கு நேரே 98.6, 100.4, 102.2, 104 என்று ஒரு துண்டில் எழுதி அதன் உறையில் ஒட்ட வேண்டும். டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோகும் தாளில் நேரம், எண், அது C-யா F-ஆ என்ற மூன்றையும் எழுத வேண்டும்.