ஷேக் பண்றது ஈஸி, லேயர் பிரியணுமே

சால்வென்ட் எக்ஸ்ட்ராக்‌ஷன்ல, அதாவது தண்ணில கரைஞ்ச உலோகத்தைத் தண்ணியோட கலக்காத எண்ணெய் மாதிரி திரவத்துக்கு இழுத்துப் பிரிக்கிறதுல, வேலைன்னு சொன்னா எல்லாரும் முதல்ல கேக்குறது உலோகத்தைப் பிடிச்சு இழுக்க எந்த எக்ஸ்ட்ராக்டன்ட்னு தான், ஆனா லேப்ல பாதி நேரம் போறது பி.ஹெச்சைப் பிடிச்சு வைக்கிறதுலயும் ரெண்டு திரவமும் தனித்தனி லேயரா பிரியட்டும்னு ஃபனலையே பாத்துட்டு நிக்கிறதுலயும் தான்.

கோபால்ட், நிக்கல் ரெண்டும் கலந்த சல்ஃபேட் கரைசலையே எடுத்துக்கோங்க. கெரோசின்ல கலந்த சயனெக்ஸ் 272ங்கிற எக்ஸ்ட்ராக்டன்ட்டை ஊத்தி பி.ஹெச் 5க்கு மேல கொண்டு வந்து குலுக்கினா கோபால்ட் மேல மிதக்குற கெரோசின் லேயருக்கு, அதாவது ஆர்கானிக்குக்குப் போயிடும், நிக்கல் பெரும்பாலும் கீழ தண்ணிலயே பச்சையா நிக்கும். தண்ணில இளஞ்சிவப்பா இருக்குற கோபால்ட் மேல போனதும் நல்ல அடர் நீலமா ஆயிடும், கீழ இருக்குறப்போ ஒரு கோபால்ட் அயனைச் சுத்தி 6 ஆக்சிஜன், மேல போனா 4 தான், அதான் அந்தக் கலர். இது எத்தனை தடவை பாத்தாலும் எனக்கு அலுக்காது.

சிக்கல் என்னன்னா, ஒரு கோபால்ட் அயன் மேல போனா பதிலுக்கு 2 ஹைட்ரஜன் அயன் கீழ இறங்கும், அதனால கரைசல் தானா ஆசிட் ஆகி எக்ஸ்ட்ராக்‌ஷன் தானே நின்னுடும். அதுக்குத்தான் சோடியம் ஹைட்ராக்சைடை சொட்டு சொட்டா விடணும், அவசரப்பட்டு ஊத்தினா ஹைட்ராக்சைடு வீழ்படிவு வந்து நடுவுல போய் உக்காந்துக்கும். மேல போன உலோகத்தைத் திரும்பத் தண்ணிக்கு இறக்குற ஸ்ட்ரிப்பிங் இதையே திருப்பிப் போடுறது தான், சல்ஃப்யூரிக் ஆசிட் போட்டு குலுக்குனா இறங்கி வந்துடும்.

எல்லாம் அப்படி சமத்தா இறங்காது. ஃபெரிக் இரும்பு டி2இஹெச்பிஏங்கிற இன்னொரு எக்ஸ்ட்ராக்டன்ட்ல நல்ல ஆசிட்லயே ஏறிக்கும், நீர்த்த சல்ஃப்யூரிக்குக்கு லேசுல மசியாது, 6 மோலார் ஹைட்ரோகுளோரிக் மாதிரி ஏதாவது வேணும். அதனால தான் இரும்பை முன்னாடியே வீழ்படிவாக்கி வடிகட்டிடுறது நல்லதுன்னு நான் சொல்லிட்டே இருக்கேன், கேட்டா தானே.

அப்புறம் கிரட். தாதுவைக் கரைச்ச நிஜ கரைசல்ல சிலிக்காவும் தூசும் இருக்கும், ரெண்டு லேயருக்கும் நடுவுல பழுப்பா கெட்டியா ஒரு ஆடை மாதிரி கட்டிக்கும், அதோட எக்ஸ்ட்ராக்டன்ட்டும் வீணாப் போகும். சுத்தமான உப்பைக் கரைச்சு செஞ்ச ஆராய்ச்சிப் பேப்பர்ல 99 சதவீதம் உலோகம் ஏறிடுச்சுன்னு போட்டிருப்பாங்க, நான் அதை அப்புறம் தான் பாப்பேன், லேயர் பிரிய எவ்வளவு நேரம் ஆச்சுன்னு தேடுவேன், பாதி பேர் எழுதுறதே இல்ல. பிளான்ட்ல லேயர் பிரிய விடுற தொட்டியை, அதாவது செட்லரை, எவ்வளவு பெருசா கட்டணும்ங்கிறதை முடிவு பண்றதே அந்த நேரம் தான்.