பிறைக்குக் காத்திருக்கும் ஷிப்ட் பட்டியல்

பல மதத்தவர் வேலை பார்க்கும் இடங்களில் உரசல் தொடங்குவது பெரும்பாலும் ஷிப்ட் பட்டியலில்தான். அதுவும் இருபத்துநான்கு மணி நேரமும் ஓடுகிற இடமென்றால் கேட்கவே வேண்டாம்.

போன வருஷத்துப் பட்டியலைப் பார்த்து இந்த வருஷத்துக்குப் போடுவது முதல் தவறு. பிறைக் கணக்கில் ஓடும் இஸ்லாமிய ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள்தான். அதனால் ரமலான் வருஷா வருஷம் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகரும். 2030இல் ஜனவரியில் ஒருமுறை, டிசம்பர் கடைசியில் மறுமுறை தொடங்கும். ஈஸ்டரும் சபைக்குச் சபை மாறும். 2024இல் கத்தோலிக்கர்களுக்கு மார்ச் 31, பெரும்பாலான ஆர்த்தடாக்ஸ் சபையினருக்கு மே 5. அடுத்த வருஷமே இரண்டும் ஏப்ரல் 20இல் வந்து விழுந்தன.

ரம்ஜான் பெருநாள்தான் பெரிய தலைவலி. 29ஆம் நோன்பு மாலை பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். தெரியாவிட்டால் இன்னொரு நோன்பு. அன்று இரவு ஆளுக்கு ஆள் போன் போட்டுக் கெஞ்சுவதைவிட, இரண்டு வாரம் முன்பே இரண்டு பட்டியல் போட்டு வைக்கலாம். இரண்டிலும் மாற்று ஆளின் பெயர் இருக்க வேண்டும். பிறை அறிவிப்பு வந்ததும் ஒன்றைக் கிழித்துப் போட்டுவிடலாம். இரண்டு நாளையும் ஒதுக்கிக் காத்திருந்தவருக்கு, கூப்பிடாமலே போனாலும், அந்தக் காத்திருப்பைக் கணக்கில் ஏற்ற வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.

தொழுகைக்கு அறை ஒதுக்கியதோடு வேலை முடிந்ததாக நினைப்பவர்களும் உண்டு. உளூ செய்ய, அதாவது தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவ, தாழ்வான குழாய் இருக்காது. முகம் கழுவும் தொட்டியில் காலைத் தூக்கி வைத்துக் கழுவ வேண்டும்; தரையெல்லாம் ஈரம். அடுத்து வருபவர் வழுக்கினால் “இவங்க வந்தாலே இப்படித்தான்” என்ற பேச்சு கிளம்பும். பிளம்பரைக் கூப்பிட வேண்டிய விஷயம் மதப் பிரச்சினையாகிவிடும்.

எந்தப் பண்டிகையும் கொண்டாடாதவர் பாடு இன்னும் மோசம். “உனக்கென்ன, சும்மாதானே இருக்கே” என்று எல்லாப் பண்டிகை இரவும் அவர் தலையில்தான் விழும். முதல் வருஷம் சிரித்துக்கொண்டே வருவார். மூன்றாம் வருஷம் முகம் மாறும். மாற்றிக்கொண்ட ஷிப்டுகளை வாய்க்கணக்கில் விடாமல் நோட்டில் எழுதி, மூன்று மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். எந்த நாள் என்பது அவர் விருப்பம். வீட்டில் படுத்துத் தூங்கக் கேட்டாலும் சரி, காரணம் விசாரிக்காமல் கொடுத்துவிட வேண்டும்.